பத்து நிமிடத்துக்கான கரண்ட்

என் கணவர் பவர்ஹவுஸில் வேலை பார்த்தவர், இறந்துபோய்விட்டார் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே "கரண்ட் அடிச்சுதா?" என்பார்கள். இல்லை, மஞ்சள்காமாலை என்று சொல்வேன். அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். எனக்கு அதில் கோபமும் வந்ததில்லை, வருத்தமும் வந்ததில்லை. அவர் போன அந்த வருஷம் எனக்கு எதுவுமே வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போடிமெட்டு ஏறிக் கேரளத்துப் பக்கம் இறங்கி, சாந்தன்பாறை போகும் வழியில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே சில தேயிலை எஸ்டேட்டுகளும் உண்டு. அதில் ஒன்றில், ஃபேக்டரிக்கும் பங்களாக்களுக்கும் கரண்ட் எடுப்பதற்காக ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஒரே ஒரு மெஷினை ஓட்டினார்கள். அணை, மதகு என்று பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் நாலை ஒன்றாகச் சேர்த்த அளவு கட்டடம், அவ்வளவுதான். அங்கே பேட்டரி ரூம் என் கணவர் பொறுப்பில் இருந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அவர் இறந்தார். எனக்கு இருபத்தெட்டு வயது. மகளுக்கு ஏழு.

எஸ்டேட்டில் ஆள் செத்தால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் பெயர் பதிய வேண்டும். பதியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த என் அண்ணன், எங்களைப் போடிக்குக் கூட்டிப்போக ஜீப்புக்கே சொல்லி வைத்திருந்தான். அண்ணன் நல்லவன்தான். ஆனால் அவனுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் போய் அந்த வரிசையில் மூன்றாவதாக உட்காருவாள் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு எஞ்சினியரைப் பார்க்கப் போனேன்.

கொழுந்து கிள்ளும் வேலை தரலாம் என்றார் அவர். அப்படியென்றால் ஸ்டாஃப் வீட்டைவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எட்டாத கீழ் டிவிஷன் லயத்துக்குப் போக வேண்டும். அவர் பார்த்த வேலையையே கொடுங்கள் என்றேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். எஞ்சினியர் சுவரில் இருந்த மீட்டரைக் காட்டிப் படிக்கச் சொன்னார், படித்தேன். ஒரு வருஷம் பார்ப்போம், அடுத்த தை மாதம் நிரந்தரம் ஆனால் வீடு உனக்கு, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். என்னைத் துணிச்சல்காரி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர்விடாததால் கல்நெஞ்சுக்காரி என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டுமே என் காதில் விழுந்தன, இரண்டும் வேறு யாரையோ பற்றியது போல இருந்தது.

பேட்டரி ரூமில் ஐம்பத்தைந்து கண்ணாடித் தொட்டிகள் மரச்சட்டத்தில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு செல். உள்ளே ஆசிட்டும் ஈயத் தகடுகளும். கரண்டை உண்டாக்குகிற இடத்தில் பேட்டரி எதற்கு என்று கல்யாணம் ஆன புதிதில் நான் அவரைக் கேட்டிருக்கிறேன். மெஷினை ஓட்டுவதற்கு அல்ல, நிறுத்துவதற்கு என்றார். மெஷின் திடீரென்று நின்றுபோனால் அதோடு எல்லாக் கரண்டும் போய்விடும். ஆனால் அத்தனை கனமான சக்கரம் உடனே நிற்காது, சும்மா சுற்றிச் சுற்றி ஓய்வதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் ஷாஃப்டின் இரண்டு பக்கத்திலும் உள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண்ணெய் பம்பை ஓட்டத்தான் பேட்டரி. எண்ணெய் நின்றால் பேரிங் உருகி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷினைக் கழற்றிக் கீழே அனுப்பிச் சரிசெய்து கொண்டுவருவதற்குள் ஒரு கொழுந்துக் காலமே போய்விடும்.

ஆக, வருஷம் முழுக்கக் காத்திருந்து எப்போதாவது பத்து நிமிடம் வேலை செய்வதுதான் அந்த ஐம்பத்தைந்து தொட்டிகளின் பிழைப்பு. அவற்றுக்குத் தண்ணீர் குறையாமல் ஊற்ற வேண்டும், ஆசிட்டின் கிராவிட்டியை, அதாவது அடர்த்தியை, அளந்து எழுத வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் பல்புக்கு நேர் கீழே இருந்த முதல் தொட்டிக்குப் பைலட் செல் என்று பெயர். அதைத் தினமும் அளக்க வேண்டும். மற்ற ஐம்பத்து நாலையும் சனிக்கிழமைதோறும் அளந்து, அதற்கென்று உள்ள தாளில் எழுத வேண்டும். பைலட் செல் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்பது பவர்ஹவுஸில் எல்லோருடைய நம்பிக்கையும். என் கணவர் மட்டும் அதை நம்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் டார்ச் லைட்டைக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐம்பத்தைந்தையும் அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சோறு ஆறிப்போகும். அதற்காக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நான் முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் அளந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, பின்வரிசையில் பதினெட்டாவது தொட்டியின் முன்னால் நின்றபோது, கையைத் தூக்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்க வேண்டும் என்று தோன்றவில்லை. போன வருஷத்துத் தாள்கள் அலமாரியிலேயே இருந்தன, அவருடைய கையெழுத்தில். அதே வாரத்துத் தாளை எடுத்து வைத்து, எண்களை அப்படியே என் தாளில் இறக்கினேன். அடுத்த வாரமும் அதே. அவருடைய எண்கள் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசத்தோடு, நிஜமாக அளந்த எண்கள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. பார்த்து எழுத இருபது நிமிடம் போதும். மிச்ச நேரம் அந்த ரூமிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனி மாதம் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் நின்றுபோயின. தொட்டிகளுக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போடியிலிருந்துதான் வர வேண்டும். அது வராத நாட்களில் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம், எஞ்சினியருக்கும் தெரிந்ததுதான். என் கணவர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மழை தொடங்கி அரை மணி நேரம் சும்மா விடுவார். பிறகு திறந்த வெளியில் நாலு குச்சி நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் சுத்தமான கூழாங்கல்லைப் போட்டுக் கீழே கண்ணாடி ஜாடியை வைப்பார். கூரைத் தண்ணீரைத் தொடவே கூடாது என்பார்.

நானும் மூன்று வாரம் வேட்டி கட்டித்தான் பிடித்தேன். அது அவருடைய வேட்டி. காயப்போட இடமில்லாமல் பூஞ்சை பூத்துவிட்டது. இன்னொன்று எடுக்க வேண்டுமானால் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். தை மாதத்திலிருந்து அதை நான் திறக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன், திரும்பி வந்தேன். மழைத் தண்ணீர் எங்கே பிடித்தாலும் மழைத் தண்ணீர்தானே என்று, ஜாடியை எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் ஓரத்தில் வைத்தேன். பழைய தகரம், பாதி துரு. ஆனால் ஜாடியில் விழுந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. ஐந்து வாரம் அதைத்தான் ஊற்றினேன். பைலட் செல்லுக்கு மட்டும், பாட்டிலில் மிச்சமிருந்த டிஸ்டில்டு வாட்டரைச் சேமித்து வைத்து ஊற்றினேன். விருந்தாளி உட்காரப் போகும் நாற்காலியை மட்டும் துடைத்து வைப்பதுபோல.

துரு கலந்த தண்ணீர் பேட்டரியை என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். செல்லில் ஏற்றி வைத்த கரண்ட் சத்தமில்லாமல் உள்ளேயே செலவழிந்துபோகும். மெஷின் கரண்டில் பேட்டரியை ஏற்றிக்கொண்டே இருக்கும் சார்ஜர் ஓடும்வரை மீட்டர் எந்தக் குறையும் காட்டாது. சார்ஜர் நிற்கும்போதுதான் பேட்டரியின் யோக்கியதை தெரியும். சார்ஜர் நின்றது ஆடி மாதக் கடைசியில், ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு.

ஃபேக்டரிக்குப் போகும் லைனில் ஒரு மரம் விழுந்தது. மெஷின் ஒரு பெரிய சத்தம் போட்டுவிட்டு, லைனைக் கழற்றிக்கொண்டது. விளக்குகள் போயின. அப்போது ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், என் கணவரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் பதறவில்லை, இது எப்போதாவது நடப்பதுதான். எண்ணெய் பம்ப் தானாக எழுந்து ஓடத் தொடங்கியது. வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயின் பெரிய வால்வை மூட ஓடினார். நான் பேட்டரி ரூம் வாசலில் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். பம்பின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, மூச்சு வாங்குகிற மாதிரி இரண்டு தடவை இழுத்து, நின்றது. பேனலில் இருந்த சிவப்பு விளக்கும் மங்கி அணைந்தது. மெஷின் மட்டும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எண்ணெய் டின்கள் இருந்த மூலைக்கு ஓடி, ஒன்றை என் கையில் கொடுத்தார். ஒரு பேரிங்கின் மூடியைத் திறந்து என்னை அதற்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"தாயி, இதுல விடாம ஊத்து. கை நின்னா போச்சு. நான் அந்தப் பக்கத்தப் பாத்துக்கிடுதேன்."

ஊற்றினேன். என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, என் தொடை பருமன் உள்ள இரும்பு சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானை சிக்கினால் ஆளே மிஞ்சாது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஊற்றினேன். டின் தீர்ந்தால் காலால் அடுத்த டின்னை இழுத்துக்கொண்டேன். பேரிங்கிலிருந்து புகை வந்தது, கருகல் வாடை வந்தது, பிறகு குறைந்தது. நான் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய நேரம் இது என்று தெரிந்தது, ஆனால் பயம் வரவில்லை. சாவு வீட்டில் அழுகை வராதது போலத்தான் இதுவும். நாலாவது டின் பாதி இருக்கும்போது சக்கரம் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வீட்டுக்குப் போய்க் கை கழுவியபோதுதான் பார்த்தேன், முன்கையில் சூடான எண்ணெய் தெறித்து, முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

மெஷின் பிழைத்துவிட்டது. பேரிங்கில் கீறல்கூட இல்லை. எஸ்டேட் முழுக்க இதே பேச்சு. பெரிய ஆபீஸிலிருந்து மானேஜரே இறங்கி வந்து, கட்டுப் போட்ட என் கையைப் பார்த்துவிட்டுப் போனார். எஞ்சினியர் மலையாளி. எங்களிடம் தமிழில்தான் பேசுவார், தமிழ் பாதி மலையாளம் பாதியாக வரும். "நிங்ஙளுக்குப் பேடி தோணலயா?" என்று கேட்டார். பயமில்லை சார் என்றேன். ஆம்பளைகளே ஓடியிருப்பார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்.

ஆனால் பேட்டரி ஏன் செத்தது என்று யாராவது எழுதித்தானே ஆக வேண்டும். எஞ்சினியர் ஐம்பத்தைந்து தொட்டிகளையும் தானே அளந்தார். முதல் தொட்டி மட்டும் நன்றாக இருந்தது. மற்றவற்றில் ஆசிட் வெறும் தண்ணீர் அளவுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் என்னையும் அண்ணாச்சியையும் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் இந்த வருஷத்துத் தாள்களும் போன வருஷத்துத் தாள்களும் பக்கம் பக்கமாகப் பரப்பியிருந்தன. என் வேலை முடிந்தது, சாவி போயிற்று, மகள் போடியில் காய் பொறுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் நெஞ்சு சாதாரணமாகத்தான் அடித்தது.

எஞ்சினியர் எனக்குக் கோபமில்லாமல் விளக்கினார். இரண்டு வருஷத்துத் தாள்களிலும் எண்கள் ஒன்றுபோல இருக்கின்றன. அளந்தால் ஒருபோதும் இப்படி வராது. ஆகவே இது அளந்து எழுதியது இல்லை, உட்கார்ந்து எழுதியது. அதுவும் இப்போது தொடங்கிய பழக்கம் இல்லை. ஆறு மாதத்தில் இத்தனை செல் சாகாது, வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால்தான் இப்படி ஆகும். என் கணவர் அளக்காமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பாவம், அவர் தாளைப் பார்த்து, இப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். இதுதான் அவர் முடிவு.

நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர் அளந்தார் சார், ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்தார், நான்தான் அளக்கவில்லை, நான்தான் தகரத் தண்ணீரை ஊற்றினேன் என்று. மூன்று வாக்கியம்கூட இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். சனிக்கிழமை டார்ச் வெளிச்சத்தை அவரும் பதினோரு வருஷம் பார்த்தவர்தான். அவர் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"செத்துப்போனவன் மேல எழுதுனா யாருக்கும் சேதமில்ல சார்," என்றார்.

எஞ்சினியர் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார். நான் பொறுப்பேற்ற அன்றே செல்கள் கெட்டுத்தான் இருந்தன என்று இருந்தது. என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அண்ணாச்சி, அவன் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வருஷம் எனக்கு வந்த முதல் எரிச்சல் அதுதான். என் கணவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு தொட்டியை அளக்க விட்டுப்போனால் பாதி வழி வந்தவர் மழையில் திரும்பிப் போவார். அந்த ஆள் இதைச் செய்யச் சொல்லவே மாட்டார். அண்ணாச்சிக்கும் அது தெரியும். வீடுவரை அவரோடு நடந்தேன்.

தை மாதம்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. புரட்டாசியிலேயே நிரந்தர உத்தரவு வந்தது. காரணம் என்ற இடத்தில் ஆபத்து நேரத்தில் காட்டிய தைரியம் என்று எழுதியிருந்தது. புது பேட்டரி வந்து இறங்கியது. அன்றிலிருந்து நான் ஒரு சனிக்கிழமையும் விடாமல் ஐம்பத்தைந்தையும் அளந்தேன். அதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள், இந்தம்மா புருஷன் இருந்த காலத்தில் யாரும் அளந்ததே இல்லையாம் என்று பேசிக்கொண்டார்கள். என் முன்னாலேயே பேசினார்கள். என்னைப் புகழ்கிறார்களாம்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். எட்டு வயது முடிந்திருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றிச் சொன்னாராம், பவர்ஹவுஸ் மெஷினைக் காப்பாற்றியது இவள் அம்மாதான் என்று எல்லோரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். சொல்லும்போது அவள் முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கையைச் சோற்றில் வைத்தபடியே கேட்டாள்.

"அப்பா வேலையே செய்யாம சும்மா எழுதி வச்சதாலதான் பேட்டரி செத்துச்சாமே. அப்பா அப்படியாம்மா?"

கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை வாயில் ஒரு விஷயத்தைப் போட்டால் நாளைக்கு அது எஞ்சினியர் ஆபீஸில் இருக்கும். இதை எல்லாம் கணக்குப் பார்க்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"நான் அப்பா மாதிரி இருக்க மாட்டேம்மா. ஒன்ன மாதிரிதான் இருப்பேன்."

அவர் செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்க ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.